டான்யூப் கப்பலில் ஊர் சுற்றும் நாள்: எங்கே சறுக்கும், எப்படிச் சமாளிப்பது

ஜெர்மனியின் பஸ்ஸாவ் நகரில் ஏறி, லின்ஸ், மெல்க், டூர்ன்ஷ்டைன், வியன்னா, பிராட்டிஸ்லாவா என்று நின்று நின்று போய்ப் புடாபெஸ்டில் இறங்குவது டான்யூப் கப்பல்களின் வழக்கமான பாதை. ஆற்றுவழியில் சுமார் 580 கிலோமீட்டர், பெரும்பாலும் ஏழு இரவு. முதன்முறை போகிறவர்கள் கேபின், சாப்பாடு, விமான டிக்கெட் எல்லாவற்றையும் அலசிவிடுகிறார்கள். கரையில் இறங்கி ஊர் சுற்றும் நேரத்தைப் பற்றி மட்டும் யோசிக்காமல் வந்துவிடுகிறார்கள். கோளாறு நடப்பதோ அங்கேதான்.

கடல் கப்பல் காலையில் ஒரு துறைமுகத்தில் நின்றால் மாலைவரை அங்கேயே நிற்கும். ஆற்றுக் கப்பல் நகர்ந்துகொண்டே இருக்கும். காலையில் மெல்க்கில் உங்களை இறக்கிவிட்ட கப்பல் மதியம் வேறு ஊரில் காத்திருக்கலாம். அதே ஊரிலேயே இன்னொரு கப்பலுக்கு இடம் விட்டு அரை கிலோமீட்டர் தள்ளிப் போயும் நிற்கலாம். இறங்கிய இடத்துக்கே திரும்பினால் போதும் என்று நம்புகிறவர்கள்தான் கடைசியில் கரையோரம் ஓடுகிறார்கள்.

முந்தைய நாள் மாலையிலேயே வேலை தொடங்குகிறது

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ மறுநாள் நிகழ்ச்சித் தாள் கேபினுக்கு வந்துவிடும். மெனுவைப் பார்த்துவிட்டு அதை ஓரமாக வைக்காதீர்கள். அதில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: கப்பல் நிற்கும் துறையின் பெயர், கப்பலுக்குத் திரும்ப வேண்டிய கடைசி நேரம், கப்பல் கிளம்பும் நேரம், கப்பலின் தொலைபேசி எண். இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவே வழக்கமாக 15 முதல் 30 நிமிடம் இருக்கும். அந்த இடைவெளி கரைக்கு இறங்கும் பலகையை எடுக்கவும் கயிற்றை அவிழ்க்கவும் ஊழியர்களுக்குத் தேவை. கிளம்பும் நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர், கயிறு அவிழ்ந்த கப்பலைத்தான் பார்ப்பார்.

தாளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் எண்ணை அப்போதே சேமித்து, இந்தியப் போனாக இருந்தால் நாட்டுக் குறியீட்டோடு ஒருமுறை அழைத்தும் பாருங்கள். ரோமிங் வேலை செய்யவில்லை என்பது நடுத்தெருவில் தெரியவருவதைவிட ரிசப்ஷன் வாசலில் தெரியவருவது நல்லது.

சுற்றுலாக்கள் இரண்டு வகை. கட்டணத்திலேயே அடங்கியவை ஒன்று, தனியாகப் பணம் கட்டுபவை மற்றொன்று. முழுநாள் பயணங்களை முதல் நாளே பதிவு செய்துவிடுங்கள், பஸ்ஸில் இடம் தீர்ந்தால் தீர்ந்ததுதான். பஸ்ஸாவிலிருந்தோ லின்ஸிலிருந்தோ சால்ஸ்பர்க் போகலாம். லின்ஸிலிருந்து செக் நாட்டின் செஸ்கி க்ரும்லோவுக்கும் போகலாம். சால்ஸ்பர்க் போக ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், திரும்ப அதே அளவு. ஊருக்குள் கிடைப்பது நான்கு மணி நேரம், அதில் சாப்பாடு ஒரு மணி. கால் நன்றாக இருக்கிறவர்களுக்கு க்ரும்லோவே மேல் என்பது எங்கள் எண்ணம். ஊர் கைக்கு அடக்கம், அதைச் சுற்றி ஆறு வளைந்து ஓடுகிறது, ஒரே மதியத்தில் பார்த்து முடிக்கலாம். ஆனால் முழுக்க மேடு பள்ளம், உருளைக்கல் தெரு. முட்டி வலி உள்ளவர்களை அங்கே கூட்டிப்போக வேண்டாம். அங்கே நாணயம் செக் கொருனா. யூரோ வாங்குகிற கடைகள் உண்டு, மீதிச் சில்லறை மட்டும் பெரும்பாலும் கொருனாவில் வரும்.

பாஸ்போர்ட்டைப் பல கப்பல்களில் ரிசப்ஷனிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். உள்ளூரில் சுற்ற நகல் போதும் என்பார்கள். எல்லை தாண்டும் பஸ்ஸுக்கு மட்டும் அசலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். ஷெங்கன் பகுதிக்குள் எல்லைச் சோதனை இல்லை என்பது பொது விதி. ஆனாலும் ஆஸ்திரியாவிலிருந்து ஜெர்மனிக்குள் வரும் வண்டிகளை ஜெர்மன் போலீஸ் 2015 முதல் நிறுத்திப் பார்க்கிறது. பஸ்ஸாவில் கிளம்பி சால்ஸ்பர்க் போய்த் திரும்பும் பஸ் சரியாக அந்த எல்லையைத்தான் கடக்கிறது.

காலையில், பலகையில் கால் வைக்கும் முன்

இறங்கும்போது ஒரு அட்டை தருவார்கள், அல்லது கேபின் அட்டையையே ரிசப்ஷனில் உரசச் சொல்வார்கள். யார் வெளியே இருக்கிறார்கள் என்று கப்பலுக்குத் தெரிய ஒரே வழி அதுதான். அவசரத்தில் பதியாமல் இறங்கிவிட்டால், கணினியில் நீங்கள் கப்பலுக்குள்ளேயே இருக்கிறீர்கள். மாலையில் உங்களுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். திரும்பி வரும்போது பதியாவிட்டால் தலைகீழ்த் தொல்லை. நீங்கள் கேபினில் தூங்கிக்கொண்டிருப்பீர்கள், உங்களைத் தேடிக் கப்பல் தாமதமாகும், மறுநாள் காலைச் சாப்பாட்டில் எல்லார் பார்வையும் உங்கள் மேல் இருக்கும்.

அடுத்தது, கப்பல்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பது. வியன்னா, டூர்ன்ஷ்டைன் போன்ற இடங்களில் துறைகள் போதாமல் இரண்டு மூன்று கப்பல்களை அடுத்தடுத்துக் கட்டுவார்கள். கரைக்குப் போக அடுத்த கப்பலின் வரவேற்பறை வழியாகவோ மேல்தளம் வழியாகவோ நடக்க வேண்டும். மேல்தளம் என்றால் செங்குத்தான இரும்புப் படி உண்டு. மாலையில் திரும்பும்போது வரிசை மாறியிருக்கலாம், உங்கள் கப்பல் முதலாவதாகவோ மூன்றாவதாகவோ இருக்கலாம். உள்ளே எல்லாக் கப்பலும் ஏறத்தாழ ஒரே சாயல்தான். நுழைவாசலில் எழுதியிருக்கும் பெயரைப் படித்துவிட்டு உள்ளே போங்கள். இன்னொன்று: நீங்கள் வெளியே போயிருக்கும்போது பக்கத்தில் ஒரு கப்பல் வந்து ஒட்டிக்கொண்டால், உங்கள் ஜன்னலுக்கு இரண்டு அடியில் இன்னொருவர் ஜன்னல். குளித்துவிட்டுத் திரையை விலக்குமுன் நினைவிருக்கட்டும்.

கைடு பேசுவதைக் கேட்க ஆளுக்கொரு சிறு ரேடியோப் பெட்டியும் காது இயர்போனும் தருவார்கள். பெட்டி கேபினில் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும். இரவில் அதன் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத் தூங்குங்கள். கரையில் கைடு தன் சேனல் எண்ணைச் சொல்வார், உங்கள் பெட்டியில் அதே எண் தெரிய வேண்டும். பக்கத்துக் குழுவின் சேனலில் விழுந்துவிட்டால், கண் முன்னே தேவாலயம் இருக்கும், காதில் அரண்மனைக் கதை ஓடும். இந்தப் பெட்டியின் வீச்சு சில பத்து மீட்டர்தான், கல் சுவர் குறுக்கே வந்தால் அதுவும் குறையும். குரல் கரகரக்கத் தொடங்கினால் கைடு ஏதோ ஒரு மூலையைத் திரும்பிவிட்டார் என்று பொருள். போட்டோவை விட்டுவிட்டு உடனே நடங்கள். குரல் முழுதாக நின்றபின் தேடுவது கஷ்டம். சுதந்திர நேரத்தில் பெட்டியை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் மதியத்துக்கே பேட்டரி படுத்துவிடும்.

கைடு தூக்கிப் பிடிக்கும் எண் பலகையை மட்டும் நம்பாதீர்கள். ஒரே கம்பெனியின் இரண்டு கப்பல்கள் ஒரே நாளில் ஒரே ஊரில் நிற்பது சாதாரணம். இரண்டிலும் 3ஆம் எண் குழு இருக்கும், பலகையின் நிறமும் ஒன்றாக இருக்கும். எண்ணோடு கப்பலின் பெயரையும் பாருங்கள். பஸ்ஸில் ஏறும் முன் முன்கண்ணாடியில் ஒட்டிய தாளையும் வண்டி எண்ணையும் படம் எடுங்கள். வியன்னாவின் ஷோன்புரூன் அரண்மனை வாசலில் இருபது வெள்ளை பஸ் வரிசையாக நிற்கும்போது அதன் அருமை தெரியும்.

பைக்குள் வைக்க வேண்டியவை அதிகமில்லை. மெல்லிய மழைச் சட்டை, தண்ணீர், அன்றைக்கும் மறுநாளைக்கும் வேண்டிய மாத்திரை, சில்லறையாக ஐந்தாறு யூரோ. சில்லறை எதற்கு என்றால் கழிப்பறைக்கு. 50 சென்ட் முதல் 1 யூரோ வரை கேட்பார்கள், சில இடங்களில் நாணயம் போட்டால்தான் கதவே திறக்கும். காலில் நல்ல பிடிமானமுள்ள ஷூ இருக்கட்டும். மழை நனைந்த உருளைக்கல்லில் தோல் செருப்பு எண்ணெய்த் தரைபோல வழுக்கும்.

மெல்க், வாகாவ், டூர்ன்ஷ்டைன்: ஒரு நாள், இரண்டு கரை

இந்தப் பாதையின் மிக அழகான நாளும், மிக எளிதில் குழப்பமாகும் நாளும் இதுதான். மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரையுள்ள சுமார் 35 கிலோமீட்டர் பள்ளத்தாக்குக்கு வாகாவ் என்று பெயர். 2000இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பொதுவாகக் காலையில் மெல்க் மடாலயம், பிறகு கப்பலில் பள்ளத்தாக்கு, மதியம் டூர்ன்ஷ்டைன் அல்லது கிரெம்ஸ்.

மெல்க் மடாலயத்தில் 1089 முதல் பெனடிக்ட் சபைத் துறவிகள் இருக்கிறார்கள். இன்று பார்க்கும் மஞ்சள் கட்டடம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. துறையிலிருந்து நடந்தால் 20, 25 நிமிடம், கடைசிப் பகுதி ஏற்றம். ஏறும்போது கப்பல் பஸ்ஸில் போய், இறங்கும்போது ஊர் வழியாக நடந்து வருவது கால்களுக்கு நியாயம். ஆனால் நடந்து வருவதாக இருந்தால் கைடிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஒரு தலை குறைகிறது என்று பஸ் நின்றுகொண்டே இருக்கும்.

மெல்க்கை விட்டதும் கப்பல் ஆற்றோட்டத்தோடு கீழே போகிறது. கிரெம்ஸ் வரை ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். மதியச் சாப்பாடு இதே நேரத்தில் வரும் நாட்களில் பலர் பள்ளத்தாக்கை உருளைக்கிழங்குத் தட்டின் மேலாகத்தான் பார்க்கிறார்கள். வலது பக்கம் முதலில் ஷோன்ப்யூல் கோட்டை பாறை மேல் தெரியும். அடுத்து அதே பக்கம் உயரத்தில் ஆக்ஷ்டைன் இடிபாடு. அதைத் தாண்டியதும் இடது பக்கம் வில்லெண்டோர்ஃப், 1908இல் 11 சென்டிமீட்டர் உயரப் பழங்காலப் பெண் சிற்பம் கிடைத்த சிற்றூர். சிற்பம் இப்போது வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில். பிறகு இடது பக்கமே ஷ்பிட்ஸ், வைசன்கிர்ஹன், நீலக் கோபுரத்தோடு டூர்ன்ஷ்டைன். ஆக, முதல் அரை மணிக்கு வலது பக்கமும் அதன்பின் இடது பக்கமும் நின்றால் போதும். புடாபெஸ்டிலிருந்து மேலேறி வரும் கப்பலாக இருந்தால் இதையெல்லாம் தலைகீழாகப் படித்துக்கொள்ளுங்கள். அப்போது நேரமும் கூடுதலாக ஆகும், ஏனென்றால் கப்பல் ஓட்டத்தை எதிர்த்து வருகிறது.

சில கப்பல்கள் சைக்கிள் தருகின்றன. மெல்க்கில் ஏறி டூர்ன்ஷ்டைனில் கப்பலைப் பிடிக்கலாம். பாதை நன்றாக இருக்கிறது, பெரும்பாலும் சமதளம். மூன்று விஷயம் தெரிந்தால் போதும்.

முதலாவது பிரேக். ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் பல சைக்கிள்களில் பெடலைப் பின்னால் மிதித்தால் பின் சக்கரம் பிடித்துக்கொள்ளும். நம் ஊர்ப் பழக்கத்தில் சும்மா பெடலைப் பின்னால் சுழற்றினால் வண்டி சட்டென்று நின்று ஆள் முன்னால் போவார். கிளம்புமுன் துறையிலேயே பத்து மீட்டர் ஓட்டி, பின்னால் மிதித்துப் பாருங்கள்.

இரண்டாவது கரை. மெல்க் இருப்பது தென்கரையில், டூர்ன்ஷ்டைன் வடகரையில். மெல்க் பாலத்தை விட்டால் கிரெம்ஸுக்கு எதிரே மௌட்டெர்ன் வரை, முப்பது கிலோமீட்டருக்கு மேல், வேறு பாலமே கிடையாது. தென்கரையிலேயே ஓட்டிக்கொண்டு போய், எதிர்க்கரையில் நிற்கும் கப்பலைப் பார்த்துக் கையசைக்க வேண்டியதுதான். நடுவே ஷ்பிட்ஸிலும் வைசன்கிர்ஹனிலும் படகுகள் உண்டு. ஆற்றுக்குக் குறுக்கே உயரமாகக் கட்டிய இரும்புக் கயிற்றில் படகைக் கோத்திருப்பார்கள். படகுக்காரர் அதைச் சற்றே சாய்த்துத் திருப்ப, ஓடும் தண்ணீரே அதை அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போகும். இன்ஜின் சத்தம் கிடையாது. பார்க்கவே ஒருமுறை ஏறலாம். ஆனால் வெள்ளம் கூடினாலோ மாலை ஆனாலோ படகு நின்றுவிடும். அதை நம்பி நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள். மெல்க்கிலேயே பாலம் ஏறி வடகரைக்குப் போய்விடுவது பாதுகாப்பு.

மூன்றாவது, சாலையின் வலப்பக்கம் ஓட்டுவது. இடப்பக்கம் பழகியவர்களுக்கு நேர்ச்சாலையில் மறக்காது. ஒரு கடையில் நின்றுவிட்டுத் திரும்ப ஏறும் அந்த முதல் நொடியில்தான் மறக்கும்.

டூர்ன்ஷ்டைனில் ஊர் ஒரே தெரு. மேலே தெரியும் இடிந்த கோட்டையில்தான் 1192ஆம் ஆண்டு இறுதியில் இங்கிலாந்தின் அரசர் முதலாம் ரிச்சர்டை ஆஸ்திரியப் பிரபு ஐந்தாம் லியோபோல்ட் சிறை வைத்தார். ஏற 20 முதல் 30 நிமிடம், கரடுமுரடான கல் பாதை. கப்பல் இரண்டு மணி நேரம் நிற்கிறது என்றால் கணக்கு இப்படி: துறையிலிருந்து ஊர் 10 நிமிடம், ஏற்றம் 30, மேலே 15, இறக்கம் 25, திரும்ப 10. மொத்தம் 90 நிமிடம் ஆகிவிட்டது. மீதி அரை மணிக்குள் தெருவையும் பார்க்க வேண்டும், கடைசி நேரத்துக்கு முன் கப்பலுக்குள்ளும் இருக்க வேண்டும். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். வெயில் நாளில் தண்ணீர் இல்லாமல் ஏறாதீர்கள், மேலே கடை கிடையாது.

இங்கே எல்லாரும் வாங்குவது ஆப்ரிகாட் பழ ஜாம். ஜூலை அறுவடைக் காலம், அப்போது போனால் பழமே கிடைக்கும். ஜாமை விமான நிலையத்தில் திரவமாகத்தான் கணக்கெடுப்பார்கள். கைப்பையில் வைத்தால் அங்கேயே பறிபோகும் என்பதால் முதலிலேயே பெரிய பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

வியன்னாவில் தனியாகச் சுற்றுவது

வியன்னாவில் பெரும்பாலான கப்பல்கள் ரைஹ்ஸ்ப்ருக்க பாலத்துக்குப் பக்கத்தில், ஹாண்டல்ஸ்காய் சாலையோரம் நிற்கின்றன. நகரின் நடு அங்கிருந்து நடக்கும் தூரமில்லை. மெட்ரோவில் யு1 பாதை, ஃபோர்கார்ட்டன்ஷ்ட்ராசே ஸ்டேஷன். நகருக்குள் போக ஓபர்லா பக்கம் போகும் ரயில், நான்காவது நிறுத்தம் ஷ்டெஃபான்ஸ்ப்ளாட்ஸ். திரும்ப லியோபோல்டாவ் பக்கம் போகும் ரயில்.

திரும்பும்போது வழக்கமாக நடக்கும் பிசகு ஒன்று உண்டு. ஃபோர்கார்ட்டன்ஷ்ட்ராசேயில் இறங்காமல் ஒரு நிறுத்தம் கூடப் போனால் டோனாவ்இன்சல். ஆற்றைப் பார்த்ததும் கப்பல் இங்கேதான் என்று இறங்கிவிடுவார்கள். அது ஆற்றுக்கு நடுவே உள்ள தீவு. கப்பலோ எதிர்க்கரையில் நிற்கும், பாலத்தில் திரும்ப நடந்து வர வேண்டும். ரயில் வெளிச்சத்துக்கு வந்து தண்ணீர் தெரிந்தால் ஒரு நிறுத்தம் தவறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு சில கப்பல்கள் நகரின் வடக்கே நுஸ்டோர்ஃபில் நிற்கும், அங்கிருந்து வழியே வேறு. தாளில் துறைப் பெயரைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது. முத்திரை குத்தாத தாள் டிக்கெட்டாக இருந்தால், ஸ்டேஷன் நுழைவில் உள்ள சிறு நீலப் பெட்டிக்குள் செருகி முத்திரை வாங்க வேண்டும். மறிக்கும் கதவு எதுவும் இல்லை என்பதால் பலர் அதைக் கவனிக்காமல் உள்ளே போய்விடுகிறார்கள். சாதாரண உடையில் பரிசோதகர் வருவார், முத்திரை இல்லாவிட்டால் 100 யூரோவுக்கு மேல் அபராதம். தெரியாமல் செய்தேன் என்ற பேச்சே எடுபடாது. புடாபெஸ்டிலும் இதே விதி, அங்கே பரிசோதகர்கள் பெரும்பாலும் மெட்ரோ வாசலிலேயே நிற்பார்கள்.

ஷ்டெஃபான்ஸ்ப்ளாட்ஸிலும் ஆப்பெரா அருகிலும் மொஸார்ட் வேடத்தில், வெள்ளை விக்கோடு கச்சேரி டிக்கெட் விற்பவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். கையில் காட்டும் படத்தில் உள்ள மண்டபமும் கச்சேரி நடக்கும் இடமும் ஒன்றா என்று கேளுங்கள். கப்பலே மாலைக் கச்சேரி வைத்திருந்தால் அதுவே வசதி, பஸ் கொண்டுபோய்க் கொண்டுவந்து விடும். பழக்கிய குதிரைகளின் காட்சிக்குப் பேர்போன ஸ்பானிஷ் குதிரைப் பள்ளியில் காலைப் பயிற்சிக்கு டிக்கெட் எடுத்துவிட்டு முழுக் காட்சியை எதிர்பார்த்துப் போய் ஏமாறுகிறவர்கள் அதிகம். பயிற்சி என்றால் குதிரைகள் இசைக்கு மெதுவாக நடை பழகும், அவ்வளவுதான். அருங்காட்சியகங்களுக்கு வாராந்திர விடுமுறை நாளைப் பாருங்கள். எதிரெதிரே நிற்கும் இரண்டு பெரிய கட்டடங்களில் கலை வரலாற்று அருங்காட்சியகம் கோடையைத் தவிர்த்த மாதங்களில் திங்கள் மூடும், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் வழக்கமாகச் செவ்வாய் மூடும்.

ஞாயிறு அன்று ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் கடைகள் மூடிக் கிடக்கும். மருந்தோ சோப்போ வேண்டுமென்றால் பெரிய ரயில் நிலையங்களுக்குள் உள்ள கடைகளைத் தேடுங்கள். பஸ்ஸாவ் தேவாலயத்தின் 17,974 குழல்கள் கொண்ட ஆர்கனின் நண்பகல் கச்சேரியும் மே முதல் அக்டோபர் வரை வாரநாட்களில்தான், ஞாயிறு கிடையாது. கடைசி நிமிடத்தில் போனால் கதவு மூடியிருக்கும்.

சாப்பாட்டில் சைவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. ஆஸ்திரிய மெனுவில் ஃப்ரிட்டாட்டன் சூப் என்று தோசைத் துண்டு போட்ட சூப் இருக்கும், பார்த்தால் சைவம்தான். அதன் தண்ணீரே மாட்டிறைச்சி வேகவைத்த சாறு. சூப் என்று எது வந்தாலும் எதில் வேகவைத்தது என்று கேட்டுவிட்டுக் கரண்டியை எடுங்கள். சீஸ் போட்ட கேஸ்ஷ்பெட்ஸ்லே, ஆப்ரிகாட் கொழுக்கட்டை, ஆப்பிள் ஷ்ட்ரூடல் எல்லாம் பொதுவாகப் பயமில்லாமல் சாப்பிடலாம். சாதாரணத் தண்ணீர் வேண்டுமென்றால் 'ஷ்டில்' என்று சொல்லுங்கள், சொல்லாவிட்டால் சோடா வரும். வியன்னா குழாய்த் தண்ணீர் மலை ஊற்றிலிருந்து வருகிறது, பாட்டில் வாங்கத் தேவையே இல்லை.

கப்பல் போய்விட்டால்

முதலில் மூச்சு விடுங்கள். ஆற்றுக் கப்பல் மணிக்கு 15, 20 கிலோமீட்டர்தான் போகும். நீர்மட்டம் ஏற்றி இறக்கும் லாக்குகளில் அரை மணி வரை காத்தும் கிடக்கும். ரயில் அதை எளிதாக முந்திவிடும்.

1. கப்பல் எண்ணை அழைத்து, உங்கள் பெயர், கேபின் எண், நிற்கும் இடம் மூன்றையும் சொல்லுங்கள். சற்று முன்தான் கிளம்பியது என்றால் சில நேரம் பக்கத்துத் துறை எதையாவது சொல்வார்கள்.

2. அடுத்த நிறுத்தம் எது, எத்தனை மணிக்கு, துறையின் பெயர் என்ன என்று எழுதிக்கொள்ளுங்கள். லாக்கில் ஏற்றிக்கொள்வார்கள் என்று யாராவது சொன்னால் நம்பிக் கிளம்பாதீர்கள், அங்கே ஆளை ஏற்றுவது வழக்கமில்லை.

3. ரயிலைப் பாருங்கள். பஸ்ஸாவ்–லின்ஸ் ஒரு மணிக்குச் சற்று மேல், வியன்னா–பிராட்டிஸ்லாவா சுமார் ஒரு மணி, வியன்னா–புடாபெஸ்ட் சுமார் 2 மணி 40 நிமிடம். மெல்க்கிலிருந்து கிரெம்ஸுக்கு ஆற்றோர பஸ் உண்டு, ஆனால் மாலையில் குறைவு. டாக்ஸி தூரம்தான்.

4. செலவு உங்களுடையது. தனியாகச் சுற்றித் தவறவிட்டவருக்குக் கம்பெனி பணம் தராது. கப்பலே நடத்தும் சுற்றுலாவின் பஸ் தாமதமானால் கதை வேறு, கப்பல் காத்திருக்கும் அல்லது வேறு இடத்துக்கு பஸ்ஸை அனுப்பும். கப்பல் ஊரை விட்டுக் கிளம்பும் மாலைகளில் மட்டுமாவது கப்பல் சுற்றுலாவோடு ஒட்டிக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

உடல்நலக் கோளாறு என்றால் இந்த நாடுகள் எல்லாவற்றிலும் 112.

ஆறு ஒத்துழைக்காத நாள்

தண்ணீர் மிகக் குறைந்தால் கப்பலின் அடி தட்டும், மிகக் கூடினால் பாலத்துக்கு அடியில் நுழைய முடியாது. 2013 ஜூனில் பஸ்ஸாவில் நீர்மட்டம் 12.89 மீட்டரைத் தொட்டது. அந்த அளவைப் பழைய நகரசபைச் சுவரில் குறித்திருக்கிறார்கள், தலையை அண்ணாந்து பார்க்க வேண்டும். அணை இல்லாமல் ஆறு இயல்பாக ஓடும் துண்டுகளில்தான் தொல்லை அதிகம்: ஜெர்மனியில் ஷ்ட்ராவ்பிங்–ஃபில்ஸ்ஹோஃபன் பகுதி, ஆஸ்திரியாவில் வாகாவும் வியன்னாவுக்குக் கிழக்கேயும். நூரம்பெர்க்கிலோ ரேகன்ஸ்பர்க்கிலோ தொடங்கும் பயணம் முதல் துண்டையும் கடந்தாக வேண்டும். பஸ்ஸாவில் தொடங்கினால் அந்தத் தொல்லை இல்லை. தேதி உங்கள் கையில் இல்லாவிட்டாலும் தொடங்கும் ஊர் உங்கள் கையில் இருக்கிறது.

வழி அடைபட்டால் கம்பெனி பயணிகளை பஸ்ஸில் ஏற்றி, அடைப்புக்கு அப்பால் நிற்கும் இன்னொரு கப்பலுக்கு மாற்றும். அன்றைய சுற்றுலா குறையும், மதியச் சாப்பாடு ஏதோ ஒரு ஹோட்டலில் நடக்கும். பெட்டியை முழுவதும் கலைத்து அலமாரியில் பரப்பாமல் இருந்தவர்கள் அன்று நிம்மதியாக இருப்பார்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது, நீர்மட்டத்தால் ஏற்படும் மாற்றத்துக்கு இழப்பீடு உண்டா என்று அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

இரவில் கப்பல் திடீரென்று இடிப்பதுபோல் அதிர்ந்து, ஜன்னல் முழுக்கக் கறுப்புக் கான்கிரீட் சுவர் தெரிந்தால் பயப்பட வேண்டாம். லாக்குக்குள் நிற்கிறீர்கள். திரும்பிப் படுத்துக்கொள்ளலாம்.

புடாபெஸ்ட்: கடைசி மாலையும் கடைசிக் காலையும்

இருட்டியபின் கப்பல் நகருக்கு நடுவே ஒரு சுற்று போகும். ஒளியில் குளித்த பாராளுமன்றமும் சங்கிலிப் பாலமும் கோட்டைக் குன்றும் வரிசையாக வரும். மேல்தளத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்பே போங்கள், கோடையிலும் ஒரு சட்டை கூடுதலாக. பாலத்துக்கு அடியில் போகும்போது ஊழியர் உட்காரச் சொன்னால் உட்காருங்கள், போனை உயர்த்திய கையும் கணக்கில் சேரும்.

ஹங்கேரியில் யூரோ இல்லை, ஃபோரிண்ட். 2024, 2025 காலத்தில் 1 யூரோவுக்கு 400 ஃபோரிண்ட் அளவில் இருந்தது. யூரோ வாங்கும் கடைகள் தம் இஷ்டத்துக்கு விகிதம் வைப்பார்கள், கார்டே நல்லது. கார்டு இயந்திரமோ ஏ.டி.எம்மோ ரூபாயிலோ யூரோவிலோ கணக்கிடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்தி ஃபோரிண்டைத் தேர்ந்தெடுங்கள். வசதிக்காகக் கேட்பதுபோல் இருக்கும், விகிதம் மட்டும் மோசம். டாக்ஸி என்றால் மஞ்சள் வண்டி, அதையும் ரிசப்ஷனைக் கொண்டே அழைக்கச் சொல்லுங்கள்.

பெட்டியைக் காலையில் கேபின் வாசலில் வைக்கும் நேரமும் அதே நிகழ்ச்சித் தாளில்தான் இருக்கும். அதற்குமுன் பாஸ்போர்ட்டை ரிசப்ஷனில் திரும்ப வாங்கி, பெட்டிக்குள் போடாமல் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி வண்டி இல்லாமல் விமான நிலையம் போவதாக இருந்தால், டியாக் சதுக்கத்திலிருந்து 100ஈ பஸ் நேராகப் போகிறது. ஆனால் அதற்குத் தனி டிக்கெட். சாதாரண நகர டிக்கெட்டோ ஒருநாள் பாஸோ அதில் செல்லாது.